நெறி கட்டிய கழுத்தும் காலை எட்டு மணி மாத்திரையும்

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போவோம். வெறுங்காலோடு வயலில் ஓடிவிட்டு, தொடை இடுக்கில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று புடைத்து வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வந்தால், ஆச்சி அந்தக் கட்டியைப் பார்க்கவே மாட்டாள். "நெறி கட்டியிருக்கு. கால்ல எங்க புண்ணு, காட்டு" என்று பாதத்தைத் தூக்கிப் பார்ப்பாள். விரலிடுக்கில் முள் குத்திச் சீழ் வைத்திருக்கும். முள்ளை எடுத்து, கழுவி, மஞ்சள் பற்றுப் போடுவாள். நாலைந்து நாளில் புண் ஆறும், நெறியும் தானாக வடிந்துவிடும்.

நெறி ஏன் கட்டுகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டிய நெறி ஏன் அடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் முப்பது வயது வரை கேட்டதில்லை. என் கழுத்தில் கட்டிய நெறி அடங்காமல் போன பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் எனக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இதில் நான் கற்றதையும், தெரியாமல் செய்த ஒரு பெரிய தவறையும் எழுதிவைக்கிறேன். இதே மருந்துகளைச் சாப்பிடும் யாருக்காவது பயன்படட்டும். மருந்தின் அளவுகள் என் உடம்புக்குச் சொன்னவை. உங்களுடையதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

2019 ஜூலை. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஆபீஸுக்குப் போய்வருவேன். லேடீஸ் டப்பாவில் மேலே தொங்கும் பிடியை ஒருநாள் காலையில் விரல் மடக்கிப் பிடிக்க முடியவில்லை. ஈரத்தில் நின்றதால் என்று நினைத்தேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மேலண்ணத்தில் வலிக்காத ஒரு புண். அப்புறம் கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, தொண்டைப் புண்ணாக இருக்கும் என்று உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். மூன்று வாரம் ஆகியும் அடங்கவில்லை.

மும்பையில் கழுத்தில் நெறி அடங்காவிட்டால் முதலில் டிபி என்றுதான் சந்தேகப்படுவார்கள். அது நியாயமான சந்தேகம். தாராவியில் வளர்ந்தவள் நான், எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது வந்திருக்கிறது. ஊசி போட்டு நெறியிலிருந்து செல் எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் டிபி இல்லை, கேன்சர் இல்லை, 'ரியாக்டிவ் ஹைப்பர்பிளேசியா' என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகி, மாட்டுங்கா கோயிலில் அர்ச்சனை செய்தோம். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எதையோ எதிர்த்து செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எதை எதிர்த்து? சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நுரை வர ஆரம்பித்தபோது பதில் தெரிந்தது. என் வெள்ளணுக்கள் என் சிறுநீரகத்தையே எதிர்த்துப் படை திரட்டிக்கொண்டிருந்தன.

பயாப்சிக்காக வார்டில் படுத்திருந்தபோது அங்கே ஒரு ரெசிடென்ட் டாக்டர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிடச் சின்னவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் வார்டு அமைதியான பிறகு என் கட்டில் ஓரம் வந்து நிற்பார். "அக்கா, எல்லாரும் எதிர்ப்பு சக்தி கம்மியாயிடுச்சான்னு கேப்பாங்க. உங்களுக்குக் கம்மி இல்ல, அடங்க மாட்டேங்குது" என்றார். லேப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதை இரண்டாக்கினார், நாலாக்கினார், எட்டாக்கினார். டி செல் என்பது வெள்ளணுவில் ஒரு வகை. அது தன் எதிரியைக் கண்டுகொண்டால் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பிரியும். அப்படிப் பார்த்தால் ஒரே செல் ஒரு வாரத்தில் பதினாறாயிரம் ஆகும். ஆச்சி தொட்டுப் பார்த்த நெறி இதுதான். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குள் செல்கள் பிரிந்து பிரிந்து இடம் போதாமல் புடைப்பது. வேலை முடிந்ததும் அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செத்துப்போகும். கொஞ்சம் மட்டும் ஞாபகத்துக்காக மிஞ்சும்.

"இப்படிப் பிரிஞ்சுட்டே போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"நிறுத்துறதுக்கும் உடம்பே மருந்து செய்யுது அக்கா. அதுல ஒண்ணைத்தான் நாளைக்கு உங்களுக்கு மாத்திரையா தரப்போறோம்."

அந்த மாத்திரை பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்று கேட்டாலே நம் வீடுகளில் முகம் மாறும். எனக்கும் மாறியது. இரண்டு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது தினமும் சுரக்கும் கார்ட்டிசால்தான் இந்த மாத்திரையின் மூலம். டி செல்கள் பிரிவதற்கு இன்டர்லூக்கின்-2 என்ற தூண்டுபொருளை அவையே சுரந்து அவையே குடிக்கின்றன. கார்ட்டிசால் அந்த உற்பத்தியை அடக்கிவிடும். குடிக்க இல்லாவிட்டால் பிரிவும் நின்றுபோகும். வெளியிலிருந்து வந்த விஷம் என்று நான் நினைத்திருந்த ஒன்று, பிறந்ததிலிருந்து என் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் நெருங்கிய உறவு.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டு மருத்துவர். மூட்டுவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டு வலி குறைகிறது, பெண்கள் கர்ப்பமானால் குறைகிறது என்று 1929 முதல் குறித்துவைத்துக்கொண்டே வந்தார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரந்து நோயை அடக்குகிறது என்பது அவர் ஊகம். பெயர் தெரியாததால் அதை 'எக்ஸ்' என்று வைத்துக்கொண்டார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். 1948 செப்டம்பரில் அவற்றில் ஒன்றை, பின்னால் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்றதை, மூட்டு இறுகிப் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. இருபது வருடம் நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒருவரால் கிடைத்த மருந்து இது. ரயில் பிடியில் விரல் மடங்காமல் இருந்தவள், மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் காலையில் தோசைக் கரண்டியைச் சாதாரணமாகப் பிடித்துத் திருப்பிய நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிடித்திருப்பதை உணரவே இல்லை. தோசையைத் தட்டில் போட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன்.

40 மி.கி.யில் ஆரம்பித்தார்கள். உடம்பு ஒரு சாதாரண நாளில் தானே சுரப்பது ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். அப்படியென்றால் நான் விழுங்கியது எட்டு மடங்கு. கூடவே மைக்கோஃபினோலேட். இது வேறு வழியில் பிரிவை நிறுத்துகிறது. ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும், அதற்கு மூலப்பொருள் வேண்டும். மற்ற செல்கள் பழைய பொருளைத் திரும்ப எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். டி செல் மாதிரியான வெள்ளணுக்கள், அதாவது லிம்போசைட்டுகள், பெரும்பாலும் புதிதாகச் செய்தாக வேண்டும். அந்தப் புதுச் செய்முறையில் ஒரு படியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. இது உடம்பின் சொந்தச் சரக்கு இல்லை, 1893இல் இத்தாலியில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. இதைச் சாப்பிடும் பெண்கள் கர்ப்பமாகக் கூடாது, கருவைப் பாதிக்கும். கல்யாணமான புதிதில் இருக்கிற பெண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதல் நாளே இதைப் பேச வேண்டும். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே மாற்று மருந்துக்கு மாற்றுவார்கள்.

மூன்றாவது, ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவுக்கு இது நல்லது என்று ஊரே வாங்கி வைத்துக்கொண்டது. ஊரடங்கில் அப்பா செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை ஒவ்வொரு மெடிக்கலாக ஸ்கூட்டரில் போய்க் கேட்டு, ஒரு கடையில் இரண்டு அட்டை வாங்கி வந்தார். இன்றைக்கும் ஒரு மாத மருந்து கையிருப்பில் இல்லாமல் நான் இருப்பதில்லை.

சரி, தவறுக்கு வருகிறேன்.

2021 மே. இரண்டாம் அலை. அதற்குள் என் நிலை நன்றாகவே தேறியிருந்தது. ஸ்டீராய்டு 7.5 மி.கி.க்கு வந்திருந்தது. சிறுநீரில் புரதம் ஏறக்குறைய இல்லை. ஆனால் முகம் இன்னும் உருண்டையாகத்தான் இருந்தது. பேப்பரைத் திறந்தால் கருப்புப் பூஞ்சை. ஸ்டீராய்டு அதிகம் கொடுத்தவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் வருகிறது என்று தினமும் செய்தி. எங்கள் சொசைட்டியில் இரண்டு சாவு. எதிர்ப்பு சக்தியை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் காலை முதல் ராத்திரி வரை. பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) உண்மையான பாசத்தோடு, வீட்டுத் தொட்டியில் படர்ந்த குல்வேல் தண்டை நறுக்கிக் காடா (கஷாயம்) போட்டு ஒரு ஃபிளாஸ்க்கில் அனுப்பினார். நம் ஊரில் சீந்தில் கொடி என்போமே, அதுதான். இந்த நேரத்தில் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையைப் போய்ச் சாப்பிடுகிறோமே என்று பயம் பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினேன். மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்கினேன். காடாவைத் தினம் இரண்டு வேளை குடித்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் உடம்பு அடித்துப் போட்டது மாதிரி. நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் காலையில் பாத்ரூமிலிருந்து வந்தவள் சமையலறை வாசலில் சரிந்துவிட்டேன். அம்மா கொரோனா என்றே நினைத்தாள். ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் 80/50. சோடியம் குறைந்திருந்தது. கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் என் பழைய ஃபைலைப் புரட்டியபடி கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டீராய்டை எப்போது நிறுத்தினீர்கள்?" என் பதிலைக் கேட்டதும் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில் ஏற்றச் சொன்னார். கூடவே சலைன். சாயந்தரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டேன்.

நடந்தது இது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் மூளை, போதுமான சரக்கு இருக்கிறது என்று எண்ணி அட்ரீனலுக்குத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிடும். அட்ரீனல் சுருங்கித் தூங்கிவிடும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வெளியிலிருந்தும் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு எல்லாமே அந்தக் கார்ட்டிசாலை நம்பித்தான் நிற்கின்றன. மூன்று நாலு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்ட யாராக இருந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இந்த ஒரு வரி எனக்குக் கொடுத்த சீட்டில் இருந்தது. மருந்துச் சீட்டின் அடியில், சின்ன எழுத்தில். யாராவது வாயால் இரண்டு நிமிடம் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. மூன்று வாரத்தில் சிறுநீரில் நுரை திரும்ப வந்தது. கழுத்தில் நெறியும். காடாவும் மருந்தை நிறுத்தியதும் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே 2021இல், குல்வேல் சாப்பிட்டு, வெள்ளணுக்கள் கல்லீரலைத் தாக்கிய ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. நான் எந்தப் பக்கமும் வக்கீல் இல்லை. என் டாக்டர் கேட்டதை மட்டும் சொல்கிறேன்: "வெள்ளணுக்களைத் தூண்டும் என்பதுதானே அந்தக் கொடியின் பெருமை? உங்களுக்கு எதற்கு அது?" எக்கினேசியா மூலிகை, அல்ஃபால்ஃபா (குதிரை மசால்) டானிக் எல்லாம் இதே கணக்குத்தான். அல்ஃபால்ஃபா விதையும் முளையும் கொடுத்து வளர்த்த குரங்குகளுக்கு லூபஸ் மாதிரியே நோய் வந்ததை 1982இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதிலுள்ள கனவானின் என்ற பொருள்தான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். ஆஜியிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை ஃபிளாஸ்க்கோடு வந்தபோது உட்கார வைத்து விவரம் சொன்னேன். இப்போது அவர் எனக்குக் கொண்டுவருவது புரண்போளி.

நோய் திரும்பியதால், வெள்ளணுக்களை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மி.கி., மொத்தம் ஆறு முறை. அதை கேன்சர் நோயாளிகளின் டே-கேர் வார்டில்தான் ஏற்றுவார்கள். என் பக்கத்து நாற்காலியில் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர். நுரையீரலில் கேன்சர். அவருக்கு ஏறியது இம்யூனோதெரபி. "என்னம்மா, உனக்கு என்ன மருந்து?" என்றார். சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்குப் பிரேக்கைப் போடுறாங்க. எனக்கு இருக்கிற பிரேக்கைக் கழட்டுறாங்க" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. டி செல்லின் மேல் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்று இரண்டு புரதங்கள் உண்டு. செல் கிளம்பும்போது ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால்தான் 'போகலாம்' என்ற சைகை கிடைக்கும். சிடிஎல்ஏ-4 அதே இடத்தில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நெரிசலான லோக்கலில் முந்தி ஏறி சன்னல் சீட்டில் கர்சீப்பைப் போட்டுவிட்டால் அடுத்தவர் நிற்கத்தானே வேண்டும்? அப்படி. இந்தப் பிரேக்கைக் கழட்டிவிட்டால் டி செல்கள் கேன்சரை விடாமல் தாக்கும் என்று காட்டியதற்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல். சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறக்கிற எலிகள் மூன்று நாலு வாரத்தில் செத்துவிடும். அவற்றின் உறுப்பெல்லாம் பெருகிய லிம்போசைட்டுகள் நிறைந்திருக்கும். என் நான்காம் ஊசிக்குப் போனபோது அந்த ஐயா வரவில்லை. ஆறாம் ஊசியன்று வந்தார், மெலிந்திருந்தார். பிரேக் கழன்றதில் குடலே புண்ணாகிவிட்டது, அதற்கு ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள் என்றார். அவரும் என் மாத்திரைக்கே வந்து சேர்ந்திருந்தார்.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். கணக்கு எழுதுவது என் வேலை, அறிவியல் பிளஸ் டூவோடு நின்றது. ஆனாலும் என் உடம்பு பற்றியதாயிற்றே. 1960களில் லண்டனில் புல்லோ என்ற விலங்கியலாளர், ஒவ்வொரு திசுவும் தன் செல் பிரிவை அடக்கும் பொருளைத் தானே சுரக்கிறது என்றார். தோலை வைத்துத் தொடங்கி அவற்றுக்கு 'கேலோன்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் மண்ணீரலிலும், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியிலும் லிம்போசைட்டுகளை அடக்கும் கேலோனைத் தேடினார்கள். சாறு கிடைத்தது, தூய பொருள் கிடைக்கவில்லை. பெயர் வழக்கொழிந்தது. ஆனால் ஊகத்தின் அடிப்படை வீண்போகவில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் டி செல் பிரிவை நேரடியாக அடக்குகிறது. அது இல்லாத எலிக்குட்டிகள் உடம்பெல்லாம் அழற்சி வந்து சில வாரத்தில் சாகின்றன என்று 1992இல் கண்டார்கள். இன்டர்லூக்கின்-10 என்று இன்னொன்று. நாம் வைட்டமின் டி என்று சொல்வதன் செயல்படு வடிவமும் டி செல் பிரிவைக் குறைக்கும்.

வைட்டமின் டி பற்றி இங்கேயே ஒன்று. லூபஸ்காரர்கள் வெயிலில் நிற்கக் கூடாது, வெயில் பட்டால் நோய் கிளம்பும். ஆக வைட்டமின் டி நமக்குத் தோல் வழியாகக் கிடைக்காது. என் முதல் சோதனையில் 9 தான் இருந்தது. 20க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். ஸ்டீராய்டு எலும்பை வேறு அரிக்கும். அதனால் கால்சியமும் வைட்டமின் டியும் எனக்கு மருந்துச் சீட்டின் நிரந்தர வரிகள். ஆனால் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினசரி விழுங்கிவிடாதீர்கள். அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும்.

2025 அக்டோபர் 6, மதியம் மூன்று மணி இருக்கும். ஆபீஸில் மாதக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். போனில் நோபல் செய்தி வந்தது. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. வெள்ளணுக்களை அடக்கும் வெள்ளணுக்களைக் கண்டதற்காக. சகாகுச்சி தொடங்கிய இடம் விசித்திரமானது. பிறந்த மூன்றாம் நாள் எலிக்குட்டியிலிருந்து தைமஸை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? டி செல்கள் முதிர்வதே தைமஸில்தான். எதிர்ப்பு சக்தி குறைய வேண்டும். நடந்தது நேரெதிர், எலியின் உடம்பு தன்னையே தாக்கிக்கொண்டது. ஆரோக்கியமான எலியிலிருந்து டி செல்களை எடுத்துச் செலுத்தினால் அந்தத் தாக்குதல் வராமல் நின்றது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே அடக்குகிறவை இருக்க வேண்டும். பல வருடம் பலர் நம்பவில்லை. 1995இல் அவற்றை அடையாளம் காட்டினார். பிரங்கோவும் ராம்ஸ்டெலும், 1940களிலிருந்து அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்துகொண்டிருந்த செதில் தோல் எலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் ஆண் குட்டிகள் சில வாரம்தான் வாழும். அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை 2001இல் பிடித்தார்கள். அந்த மரபணுதான் அடக்கும் செல்களை உருவாக்குவது என்று பிறகு தெரிந்தது. இந்தச் செல்கள் செய்வதைப் படித்தபோது என் ஆறு வருடமும் ஒரே பக்கத்தில் இருந்தது மாதிரி இருந்தது. மற்ற செல்கள் பிரிவதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2ஐ இவை உறிஞ்சிவிடுகின்றன. சிடிஎல்ஏ-4ஐ மேலே சுமந்து திரிகின்றன. டிஜிஎஃப்-பீட்டாவும் இன்டர்லூக்கின்-10உம் சுரக்கின்றன. அன்றைக்கு எக்செல் ஷீட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "நெறியை அடக்குறது எதுன்னு கண்டுபிடிச்சவங்களுக்குப் பரிசு கொடுத்திருக்காங்கம்மா" என்றேன். "ஆச்சி இருந்திருந்தா கேட்டிருப்பா" என்றாள்.

இனி அன்றாடத்தில் நான் கடைப்பிடிப்பவை.

ஸ்டீராய்டைக் காலை எட்டு மணிக்கு, இட்லியோ உப்புமாவோ சாப்பிட்ட பிறகு. உடம்பின் சொந்தக் கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி காலை எட்டு மணிவாக்கில் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் அடியில் இருக்கும். அந்தத் தாளத்தோடு ஒட்டிச் சாப்பிட்டால் ராத்திரித் தூக்கமும் அவ்வளவாகக் கெடாது. முதல் மூன்று மாதம் நான் ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் வந்தால் காத்திருப்பதில்லை. பிரேக் போட்ட உடம்பில் கிருமிக்கு வழி திறந்திருக்கும், காய்ச்சல்கூட முழுசாகக் காட்டாது. உடம்பு முடியாத நாளில் ஸ்டீராய்டை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லையென்றால் ஊசிதான், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பல் பிடுங்குவதற்கு முன்னால்கூட இந்த மருந்துகளைச் சொல்லிவிடுவேன். ஜூலை மழையில் குர்லா பக்கம் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டி வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேட்டுக்கொள்வேன். வருடா வருடம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி முடித்தாயிற்று. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசிகள் மட்டும் நமக்கு ஆகாது. கண் டாக்டரிடம் வருடத்துக்கு ஒருமுறை, ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைத் தொடுகிறதா என்று பார்க்க.

2022இல் இடுப்பைச் சுற்றி எரிச்சலோடு கொப்புளம் வந்தது. அத்தை பார்த்ததுமே "அக்கி. செம்மண் குழைச்சு எழுதினா அடங்கிரும்" என்றாள். பெயர் சரி, அவளுக்குத் தெரிந்திருந்தது. வைத்தியத்துக்கு நான் நேராக டாக்டரிடம் போனேன். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, காவல் தளர்ந்த நேரத்தில் எழுவதுதான் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நம்மைப் போல வெள்ளணுக்களை அடக்கி வைத்திருப்பவர்களுக்கு அது பரவிவிடவும் கூடும்.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் ஒன்றும் இல்லை. உப்பு குறைவு. ஊறுகாயை விட்டது மட்டும் கஷ்டமாக இருந்தது.

இப்போதைய நிலவரம். சிறுநீரில் புரதம் மூன்று வருடமாக இல்லை. ஸ்டீராய்டை 2025 முழுக்க எறும்பு ஊர்கிற வேகத்தில் குறைத்தார்கள். 5, அப்புறம் 4, 3, 2.5. ஒவ்வொரு படிக்கும் பல வாரம். டிசம்பரில் டாக்டர், "அட்ரீனல் எழுந்துவிட்டதா என்று பார்ப்போம்" என்றார். முந்தின நாள் மாத்திரையைக் காலையில் சாப்பிட்டதோடு சரி, மறுநாள் அதைத் தொடாமல் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ஏழரைக்கே போய் லேப் ஷட்டர் திறக்கும் வரை வெளியே நின்றேன். பக்கத்தில் இட்லி வண்டிக்காரர் அப்போதுதான் மூடியைத் திறந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஆவி கண்ணாடியில் படிந்தது.

சாயந்தரம் ரயிலில் வரும்போது ரிப்போர்ட் வந்தது. கார்ட்டிசால் 11.6. பத்துக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு என் உடம்பு தானே சுரந்தது. வடாலா தாண்டும் வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டு நின்று இரண்டு மாதம் ஆகிறது. மற்ற இரண்டு மருந்தும் தொடர்கின்றன. கழுத்தைக் காலையில் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் சுரப்பி ஒரு வருடம் வரை ஈடுகொடுக்காமல் போகலாம் என்பதால், பிரெட்னிசோலோன் ஒரு அட்டை வீட்டில் இருக்கிறது. 'இவர் நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர், மயங்கினால் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுக்கவும்' என்று தமிழ், மராத்தி, இந்தி, இங்கிலீஷ் நாலிலும் எழுதிய அட்டை ரயில் பாஸுக்குப் பின்னால் செருகியிருக்கிறது. மராத்தி வரியை எழுதிக் கொடுத்தவர் ஆஜி.